புறாத்தீவில் எதன் மேல் நிற்கிறீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். இடுப்பளவு தண்ணீரில் மகளைத் தூக்கி முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் நிறுத்தி ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “இறக்குங்கோ அண்ணை” என்றேன். “கல்லுதானே தம்பி, ஒண்டும் ஆகாது” என்றார். பிள்ளையின் உள்ளங்காலில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் இறக்கினார்.

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து ஆட்களைப் புறாத்தீவுக் கடலுக்குள் அழைத்துப்போவது என் தொழில். இந்தக் ‘கல்லுதானே’யைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, ஒரு தடவை முழுதாகச் சொல்கிறேன். தீவாக நிமிர்ந்து நிற்பது கல்தான், அலை அடித்தாலும் தாங்கும். தண்ணீருக்குள் நீங்கள் பார்க்கும் முருகை அப்படியல்ல. அதன் மேல்தோல் முழுக்கச் சின்னஞ்சிறு விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் வாய் உண்டு, உணர்கொம்பு உண்டு. உடம்புக்குள் நுண்பாசியை வைத்துக்கொண்டு, அது வெயிலில் ஆக்கித் தருவதைத் தின்று, கீழே சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போகும். கடினமாக இருப்பது வீடு. குடியிருப்பவர் மேலே இருக்கிறார், நீங்கள் மிதிப்பது அவரை. கட்டி முருகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். கொப்புக் கொப்பாக இருப்பது வேகமாக வளரும், ஆனால் குதிகால் பட்டாலே முறியும்.

“கரையில் செத்துக் கிடப்பதை எடுத்தால் என்ன?” இது அடுத்த கேள்வி. புறாத்தீவு 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா ஆனது. இரண்டு தீவும் சுற்றுக்கடலும் சேர்த்து 471 ஹெக்டேர். அதற்குள் கிடக்கும் சங்கோ சிப்பியோ முருகைத் துண்டோ, எதையும் பையில் போடாதீர்கள். சட்டப்படி குற்றம்.

உண்மையில் பலர் வேண்டுமென்று மிதிப்பதில்லை. தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் மாஸ்க்குக்குள் தண்ணீர் போகும், பயம் வரும், கால் தானாகக் கீழே தேடும். ஆகவே முதலில் மணல் உள்ள இடத்தில் நின்று மாஸ்க்கைப் பழகுங்கள். (மீசைக்காரர்களே, கொஞ்சம் வாஸ்லைன் பூசினால் ஒழுகாது.) நீச்சல் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம். ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டுக்கொண்டு செங்குத்தாக நிற்காதீர்கள், குப்புறப் படுத்து மிதந்துகொண்டிருங்கள். செட்டையின் நுனி கறுத்த சுறாவைக் கண்டால் உதைத்துக் கலவரப்பட வேண்டாம், அது உங்களைவிடக் கூச்சக்காரன். படத்துக்காகத் துரத்தவும் வேண்டாம். புறாக்கள் கூடு கட்டும் பாறை இடுக்குகளில் ஏறாதீர்கள்.

காலில் முருகை வெட்டினால் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். துகள் உள்ளே தங்கினால் புண் லேசில் ஆறாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு கெஞ்சல். கார்த்திகை, மார்கழியில் வந்து, கடல் கொந்தளிக்கும்போது படகு எடுக்கச் சொல்லிப் படகுக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், நானும் பொறுமையாக இருப்பேன்.