காடிக்குள் பெட்ரோல் வாடையா? எப்போது அடிக்கிறது என்று பாருங்கள்

“அண்ணே, காடிக்குள்ள ஒரே எண்ணெய் வாடை. பம்ப்பை மாத்திடலாமா?” கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் பட்டறைக்கு வரும் பலர், எதை மாற்றுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: வாடை எப்போது அடிக்கிறது? அது தெரியாமல் சாமான் மாற்றினால் பணம் போகும், வாடை போகாது.

தொட்டியில் இருக்கும் பெட்ரோல் எந்நேரமும் ஆவியாகும். நம் ஊர் மதிய வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவியைக் கரித்துகள் நிரப்பிய கெனிஸ்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடும்போது, கெனிஸ்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வு திறக்க, எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும்.

அண்மையில் வந்த ஒருவருக்கு, தொட்டி நிறைய ஊற்றினால் மட்டும் வாடை. பாதிக்கு இறங்கினால் இல்லை. ஊற்றிய கையோடு ஸ்டார்ட்டும் இழுத்துக்கொண்டு போகும். வேறொரு பட்டறையில், எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ரப்பர்களை மாற்றியும் பயனில்லை.

பின் சீட்டைத் தூக்கி, தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் மேல்மூடியைப் பார்த்தேன். சுற்றிலும் தூசி காய்ந்தே கிடந்தது. அங்கே கசிந்திருந்தால் நனைந்து கறுத்திருக்கும். அடுத்து பர்ஜ் வால்வு. எஞ்சினை ஐடிலில் விட்டு, வால்வின் வயர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, கெனிஸ்டரிலிருந்து வரும் குழாயை உருவி, வால்வின் வாயில் விரலை வைத்தேன். மூடியிருக்க வேண்டிய வால்வு விரலை இழுத்தது. கழற்றித் தட்டினால் கரித்துகள் கொட்டுகிறது! கெனிஸ்டரைச் சாய்த்தேன், பெட்ரோலே சொட்டியது. வால்வை மட்டும் மாற்றியிருந்தால் மிச்சத் துகள் புதியதையும் அடைத்திருக்கும். இரண்டையும் மாற்றி, குழாய்களை ஊதிச் சுத்தம் செய்தோம்.

காரணம் அவர் கையில்தான் இருந்தது. இங்கே பெட்ரோல் நிலையத்தில் நாமேதானே ஊற்றிக்கொள்கிறோம்? நாசல் ‘டக்’ என்று நின்ற பிறகும், ரிங்கிட் கணக்கை முழுசாக்க இன்னும் நாலு அழுத்து. அந்தக் கூடுதல் எண்ணெய், ஆவி போகும் குழாய் வழியாகக் கெனிஸ்டருக்குள் இறங்கிவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. தைப்பூசம், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் இந்தப் பழக்கம் இன்னும் கூடிவிடும்!

எல்லா வாடைக்கும் கெனிஸ்டர் காரணம் இல்லை. பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருக்கலாம். அதை வீட்டிலேயே பார்க்கலாம், சல்லிசாக முடியும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்றால் புகை விட்டுப் பார்க்கும் சோதனைதான் சரி. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். பல வண்டிகளில் இந்தக் கசிவுக்கு அது எரியாது.

காடிக்கு அடியில் ஈரமோ சொட்டோ தெரிந்தால் கதை வேறு. ஸ்டார்ட் செய்யாதீர்கள், பக்கத்தில் சிகரெட் பற்றவைக்க விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து நிற்கும். கொண்டோவின் கீழ்த்தள பார்க்கிங்கில் இது இன்னும் ஆபத்து. பாதுகாவலரிடம் சொல்லிவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.