சுவர் பூசுவதற்கு முன்பே முடிவாக வேண்டிய ஸ்பீக்கர் வயரிங்

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் விளக்குக்கும் மின்விசிறிக்கும் எங்கெங்கே பாயின்ட் வேண்டும் என்பதைத் தளம் போடுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுகிறார்கள். எல்லா அறைகளிலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற விருப்பம் மட்டும் பெரும்பாலும் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் வெளியே வருகிறது. அந்த நிலையில் எங்களைப் போல ஒலி அமைப்பு வேலை செய்கிறவர்களிடம் இரண்டே வழிகள்தான் மிஞ்சுகின்றன. பூசிய சுவரில் மறுபடியும் காடி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டை ஒட்டி அதற்குள் ஒயரைக் கொண்டுபோக வேண்டும். ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், மாற்றலாம். சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் போகிறவற்றை அப்படி மாற்ற முடியாது. ஆகையால் கட்டுமானக் காலத்தில் யோசனையையும் பணத்தையும் முதலில் செலவிட வேண்டியது பைப்புக்கும் கேபிளுக்கும்தான்.

வயர்லெஸ் ஸ்பீக்கர்கள் வந்துவிட்ட பிறகு ஒயர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் சுவரில் மாட்டும் வயர்லெஸ் ஸ்பீக்கருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், அதற்கும் ஒரு பிளக் பாயின்ட் வரை ஒயர் போய்த்தான் ஆக வேண்டும். கம்பி கட்டிய காங்கிரீட் வைஃபை சிக்னலை, அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, நன்றாகவே மட்டுப்படுத்துகிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, அத்தகைய கருவியின் ஆயுள் அதன் மென்பொருளைத் தயாரிப்பாளர் எத்தனை காலம் புதுப்பித்துத் தருகிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. செப்புக் கேபிளுக்கு அந்தக் கவலை கிடையாது. இணையத்திலிருந்து பாட்டை எடுக்கும் கருவி ஓரிடத்தில் இருக்கட்டும், அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒலி கேபிள் வழியாகப் போகட்டும் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் ஏற்பாடு. கருவி பழையதாகிவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த ஓரிடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபையர்களை அடைக்கக்கூடாது. பழைய வகை ஆம்ப்ளிஃபையர்கள் உள்வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாகவே வெளிவிடுகின்றன. அங்கு வைக்கும் எல்லாக் கருவிகளுக்கும் எர்த்துடன் கூடிய ஒரே மின்சுற்றிலிருந்து இணைப்புக் கொடுத்தால், பின்னாளில் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வருவதற்கான காரணங்களில் ஒன்று முதலிலேயே நீங்கிவிடும்.

ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் அந்த மைய இடம் வரை கேபிள் தனியாகவும் முழுசாகவும் வர வேண்டும். ஓர் அறையின் ஸ்பீக்கரிலிருந்து அடுத்த அறைக்குத் தொடுத்துக்கொண்டு போவது விளக்கு வயரிங்கில் பழகிய முறை. கேபிள் மிச்சமாகும் என்று ஒலி வேலையிலும் அதைச் செய்கிறார்கள். அப்படித் தொடுத்துவிட்டால் அறைக்கு அறை வேறு வேறு பாட்டு வைக்க முடியாது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பான இம்பிடன்ஸ் விஷயத்தில் வருகிறது; அதை ஓம் கணக்கில் அளக்கிறோம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் இணையாகக் கோர்த்தால் ஆம்ப்ளிஃபையருக்கு அது 4 ஓமாகத் தெரியும். நான்கைக் கோர்த்தால் 2 ஓமாகிவிடும். ஓம் பாதியாகக் குறையும்போது ஆம்ப்ளிஃபையர் கொடுக்க வேண்டிய கரண்ட் இரட்டிப்பாகிறது. 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் ஆம்ப்ளிஃபையர் அந்தச் சுமையில் சூடேறித் தானே நின்றுபோகும், அல்லது எரிந்துபோகும். வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்வார். குறையோ சுவருக்குள் இருக்கும் இணைப்பில் இருக்கும். மையம் வரை தனித்தனிக் கேபிள் இருந்தால், அறைக்கு அறை வேறு பாட்டு தரும் பல மண்டல ஆம்ப்ளிஃபையர் வைக்கலாம், இம்பிடன்ஸைச் சரிக்கட்டும் வால்யூம் கண்ட்ரோல் போடலாம், எதையும் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.

வால்யூம் கண்ட்ரோல் இப்போது வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு யோசனை சொல்லுவேன். மையத்திலிருந்து வரும் நான்கு கோர் கேபிளை, அதாவது அறையின் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் தலா இரண்டு கம்பிகள் ஒரே உறைக்குள் உள்ள கேபிளை, நேராக சீலிங்குக்கு ஏற்றாமல், அந்த அறையின் சுவிட்ச் உயரத்தில் ஒரு பெட்டி வைத்து அதன் வழியாகக் கொண்டுபோக வேண்டும். பெட்டிக்குள் கேபிளை வெட்டாமல் ஒரு சுற்று மடித்து விட்டு, மேலே மூடி போட்டுவிடலாம். என்றைக்காவது கண்ட்ரோல் வேண்டுமென்றால் அந்தச் சுற்றை வெட்டிப் பொருத்த சிறிது நேரமே ஆகும். அதே பெட்டிக்கு மையத்திலிருந்து கணினி நெட்வொர்க்குக்குப் போடும் கேட்6 கேபிள் ஒன்றும் வந்திருந்தால், தொடுதிரையோ பொத்தான் பலகையோ வைக்கவும் வழி திறந்திருக்கும். கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை செல்லும் என்பதால் வீட்டுக்குள் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது கேபிளின் பருமன். கேபிளின் மொத்த மின்தடை ஸ்பீக்கர் இம்பிடன்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பின்பற்றப்படும் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0172 ஓம்; கரண்ட் போகவும் வரவும் வேண்டியிருப்பதால் தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும். இதன்படி 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஏறத்தாழ 17 மீட்டர் வரைக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் 29 மீட்டர் வரைக்கும் போதுமானது. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் இந்தத் தூரங்கள் சரிபாதியாகிவிடும். கேபிள் சுவர் ஏறி, தளத்தில் வளைந்து, மறுபடியும் இறங்குவதால், வரைபடத்தில் 10 மீட்டர் என்று தெரியும் அறைக்கு உண்மையில் 16, 17 மீட்டர் ஆகிவிடுவது சாதாரணம். ஆகவே வீடு முழுவதற்கும் 2.5 என்று வைத்துக்கொள்வதே நல்லது. அமெரிக்க கேஜ் (AWG) கணக்கில் வாங்குகிறவர்கள், எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்: 16 கேஜ் சுமார் 1.3 சதுர மில்லிமீட்டர், 14 கேஜ் சுமார் 2.1.

இந்தக் கணக்கு முழுவதும் தூய செம்புக்கானது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்களும் பார்வைக்கு அதே நிறத்தில் விற்கப்படுகின்றன. அவற்றின் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம், வளைக்கும் இடத்தில் எளிதில் முறியவும் செய்யும். நான் எந்தச் சுருளையும் சுவருக்குள் விடுவதற்கு முன், நுனியிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பேன். மேல்பூச்சு போனதும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். ஈயப்பூச்சுள்ள நல்ல செம்பு இதற்கு நேர்மாறாக, வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு சுருள்களைக் கையில் தூக்கிப் பார்த்தாலே எடையில் வேறுபாடு புரிந்துவிடும். கேபிளின் மேலுறை தீப்பற்றிப் பரவாத வகையாக, சுவருக்குள் போடுவதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

பைப் வேலைதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. தளத்துக்குள் போகும் பைப், கம்பி கட்டிய பின் காங்கிரீட் கொட்டுவதற்கு முன் பதிந்தாக வேண்டும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் தளத்துக்குள் வழி கிடையாது. இணைப்புகளைப் பசை வைத்து இறுக்கி, பெட்டிகளின் வாயைச் சிமென்ட் பால் இறங்காதபடி அடைக்க வேண்டும். பலகை பிரித்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு பைப்பிலும் கம்பி விட்டுப் பார்த்துவிட வேண்டும். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கேபிள் நிறையக்கூடாது. 25 மில்லிமீட்டர் பைப்பின் உள்விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர் இருக்கும். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேபிள் இரண்டு அதில் தாராளமாகப் போகும், மூன்றாவது சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே இரண்டு செங்குத்து வளைவுகளுக்கு மேல் வைத்தால், கேபிளை இழுக்கும்போது உறை கிழியும். மாடிக்கு ஏறும் இடத்திலாவது எதுவும் போடாத வெற்றுப் பைப் ஒன்றை, உள்ளே இழுவைக் கயிற்றுடன் விட்டுவையுங்கள்.

மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் கேபிளையும் விடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக்கூடாது. இரைச்சல் வரும் என்பதற்காக இதைச் சொல்கிறார்கள். எனக்கு உயிர்ப் பாதுகாப்புதான் முதல் காரணம். இன்சுலேஷன் எங்காவது கிழிந்தால், வெறும் கையால் தொடக்கூடிய ஸ்பீக்கர் முனையில் வீட்டு மின்சாரம் முழு அழுத்தத்தில் வந்து நிற்கும். பக்கத்தில் இணையாக ஓடும் இடங்களில் 30 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். குறுக்கே தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். உண்மையில் ஸ்பீக்கர் கேபிள் இரைச்சலை எளிதில் வாங்குவதில்லை. தாழ்ந்த ஸ்தாயி ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கருக்குப் போகும் மெல்லிய சிக்னல் கேபிள்தான் வாங்கும். அதற்கு உள்கம்பியைச் சுற்றி உலோக வலையுறை உள்ள கோஆக்ஸ் கேபிள் போட்டு, பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்டும் வைக்க வேண்டும்.

ஸ்பீக்கரின் இடத்தை அறையின் நடுப்புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதும் சரியல்ல. சீலிங் 3 மீட்டர் உயரத்தில் இருக்க, உட்கார்ந்திருப்பவரின் காது 1.2 மீட்டரில் இருந்தால், 90 டிகிரி விரிந்து ஒலிக்கும் ஸ்பீக்கர் 3.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை நிரப்பும். மேல் ஸ்தாயி ஒலிகள் அதைவிடக் குறுகிய வட்டத்திலேயே தெளிவாக இருக்கும். 7 மீட்டர் நீளமுள்ள கூடத்துக்கு நடுவே ஒன்றை வைத்துச் சத்தத்தைக் கூட்டினால், அதன் கீழே இருப்பவருக்குக் காது வலிக்கும், ஓரத்தில் இருப்பவருக்குப் பாட்டின் வரி புரியாது. இரண்டை வைத்துக் குறைந்த சத்தத்தில் கேட்பதே சுகம். சீலிங் ஸ்பீக்கருக்குப் பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும் என்பதால் ஃபால்ஸ் சீலிங் இடைவெளியை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் இல்லாத அறையில் பிறகு தளத்தைக் கொத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவரில் மாட்டும் ஸ்பீக்கருக்கே பாயின்ட் வையுங்கள். குளியலறைக்கு ஈரம் தாங்கும் ஸ்பீக்கர் ஒன்று போதும். தோட்டத்துக்கு, மண்ணுக்குள் புதைப்பதற்கென்றே உள்ள கேபிள் வேண்டும். தூரம் மிக அதிகமென்றால், ஒலியை உயர் வோல்டேஜில் அனுப்பி ஸ்பீக்கரில் குறைத்துக்கொள்ளும் 100 வோல்ட் லைன் முறை பொருந்தும்.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முன், சுவரோடு அளவு நாடாவைப் பிடித்து ஒவ்வொரு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேபிளின் இரு முனைகளிலும் அறைப் பெயரை எழுதி ஒட்டிவிட வேண்டும். பிறகு ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் முறுக்கி, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தால் அரை ஓமுக்குள் காட்ட வேண்டும். முறுக்கைப் பிரித்ததும் எந்த இணைப்பும் காட்டக்கூடாது. இந்தச் சோதனையைப் பூசுவதற்கு முன் ஒரு முறையும், ஃபால்ஸ் சீலிங் சட்டம் அடித்த பிறகு இன்னொரு முறையும் செய்வது அவசியம். முதல் சோதனையில் சுத்தமாக இருந்த கேபிள் இரண்டாவதில் ஷார்ட் காட்டி, தேடிப் போனால் சட்டத்துக்கு அடித்த ஸ்க்ரூ கேபிளின் நடுவே இறங்கியிருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். சீலிங் மூடுவதற்கு முன் தெரிந்ததால் புதுக் கேபிள் இழுக்க முடிந்தது.

ஸ்பீக்கர்களைப் பொருத்திய பின், ஆம்ப்ளிஃபையரில் இணைப்பதற்கு முன் மையத்திலிருந்து மறுபடியும் அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் பொதுவாக 6 ஓமுக்கு அருகில் காட்டும். அது கம்பிச் சுருளின் நேர் மின்தடை, பழுதல்ல. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் கேபிளின் பாசிட்டிவ் கம்பியில் ஒரு கணம் தொட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளிப்பக்கம் தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் எங்கோ முனை மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் அந்த அறையின் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தாழ்ந்த ஸ்தாயி ஒலி மெலிந்துவிடும். கம்பியை மாற்றிக் கட்டி, கூம்பு வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த அறையின் பெயருக்கு எதிரே சரி என்று குறிக்க வேண்டும்.