மெல்டிங் பாட்: உருகுகலமா, உருக்குகலமா?

அமெரிக்கக் குடியேற்றம் பற்றிய பேச்சில் 'மெல்டிங் பாட்' என்ற தொடர் எப்படியும் வந்துவிடும். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், மொழியும் உடையும் பழக்கவழக்கமும் கரைந்து ஒரே மக்களாகிவிடும் இடம் என்று பொருள். தமிழில் 'உருகும் பானை' என்று எழுதுபவர்கள் உண்டு. பானை என்றதும் நமக்குச் சோறும் பொங்கலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சொல் அடுப்படிச் சொல் இல்லை, உலோகப் பட்டறைச் சொல். பொற்கொல்லர் தங்கத்தை உருக்கும் சிறு மண்கலத்துக்குத் தமிழில் மூசை என்று பெயர். குகை என்றும் சொல்வதுண்டு. இங்கே 'பாட்' என்பது அந்த வகைக் கலம்.

கருத்து பழையது. நியூயார்க் பகுதியில் பண்ணை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் கிரெவ்கூர், எல்லா நாட்டு மனிதர்களும் இங்கே உருகி ஒரு புது இனமாகிறார்கள் என்று 1782இலேயே எழுதிவிட்டார். சொல் ஊரெங்கும் பரவியது 1908க்குப் பிறகு. லண்டனில் பிறந்த யூத எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் இதையே தலைப்பாக வைத்து எழுதிய நாடகம் அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் அரங்கேறியது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நேரில் பார்த்துப் பாராட்டினார். நாடகத்தின் நாயகன் ஓர் இளம் இசைக்கலைஞன். ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் 1903இல் யூதர்கள்மீது நடந்த படுகொலையில் குடும்பத்தை இழந்து நியூயார்க் வந்தவன். "அமெரிக்கா கடவுளின் மூசை, ஐரோப்பாவின் இனங்கள் எல்லாம் உருகி மறுவடிவம் பெறும் மாபெரும் கலம்" என்கிறான் அவன். இன்ன இனத்தில் பிறந்தாய் என்பதற்காகவே உறவுகளைப் பறிகொடுத்தவனுக்கு, இனப்பகை எரிந்து போகும் ஒரு கலம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அவன் வாயில் இது நல்ல சொல்தான்.

அதே சொல்லைத் தொழிற்சாலை முதலாளிகள் கையில் எடுத்தபோதுதான் கதை மாறியது.

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு கார் ஆலை. 1914இல் அங்கே வேலை செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கார்ப் பாகங்கள் நகர்ந்துகொண்டே வரும் ஓடும் வரிசையில் ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்வது பிடிக்காமல் ஆட்கள் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 1913இல் ஆள்மாற்றம் 370 விழுக்காடு, அதாவது நூறு இடங்களை நிரப்பி வைக்க ஓராண்டில் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அவர்களை நிறுத்தி வைக்க ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் கூலி அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி 'லாபப் பங்கு', நிபந்தனையோடு வருவது. வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, சேமிக்கிறாரா என்று ஆலையின் சமூகவியல் துறை ஆட்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். கூடவே ஃபோர்டு ஆங்கிலப் பள்ளி. ஆங்கிலம் தெரியாத தொழிலாளி, வேலை நேரத்துக்கு வெளியே, கூலி இல்லாமல் அங்கே போய் உட்கார வேண்டும்.

அந்தப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் மேடையின் நடுவே ஒரு பெரிய கலத்தை வைத்தார்கள். பின்னால் கப்பல் போல ஓர் அமைப்பு. தொழிலாளர்கள் தத்தம் நாட்டு உடையில், மூட்டை முடிச்சோடு கப்பலிலிருந்து இறங்கி அந்தக் கலத்துக்குள் போவார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பைகளால் கிளறுவார்கள். பிறகு எல்லாரும் அமெரிக்க உடையில், கையில் சிறு அமெரிக்கக் கொடியோடு வெளியே வருவார்கள். கலத்தின்மேல் எழுதியிருந்தது இந்தச் சொல்தான்.

சரி, என்ன ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள்? அதே காலத்தில் வேளாண் இயந்திரம் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு வைத்த முதல் பாடம் பதிவாகியிருக்கிறது. 'சங்கு ஊதுகிறது. நான் விரைந்து போக வேண்டும்' என்று தொடங்கும். அட்டையைப் பலகையில் மாட்டுவது, உடை மாற்றுவது, குறித்த நேரத்துக்கு முன் சாப்பிடக் கூடாது என்பது, சங்கு ஊதும் வரை வேலை செய்வது, இடத்தைச் சுத்தமாக விட்டுச் செல்வது, அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டும். பாடம் அவ்வளவுதான். ஒரு மொழியில் ஒருவனுக்குக் கீழ்ப்படிய மட்டும் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 'என் கூலியில் குறைகிறது', 'இந்த இயந்திரம் ஆபத்தானது' என்று சொல்ல அந்தப் பாடத்தில் ஒரு வாக்கியமும் கிடையாது.

குடியேறிய தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்துவிடுவார்களோ என்ற முதலாளிகளின் கவலைக்குக் காரணமும் இருந்தது. 1912 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், வாரத்துக்கு 56 மணி நேரம் 54 ஆகக் குறைந்ததைச் சாக்கிட்டுக் கூலியைக் குறைத்ததும் நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் குடியேறியவர்கள், பெண்கள் நிறையப் பேர். கூட்டங்களில் பேச்சைப் பல மொழிகளில் பெயர்த்துச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் கூலி உயர்வும் வாங்கினார்கள். ஒன்றுசேர அவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'மெல்டிங்' என்ற ஆங்கிலச் சொல்லில் உருகுவதும் அடக்கம், உருக்குவதும் அடக்கம். யார் செய்வது என்று அது சொல்லாது. தமிழில் அப்படித் தப்பிக்க வழியில்லை. உருகுதல் தன்வினை, உருக்குதல் பிறவினை. வெண்ணெய் உருகும், தட்டான் தங்கத்தை உருக்குவார். சாங்வில் நாயகன் கனவு கண்டது உருகுகலம். ஃபோர்டு மேடையில் நின்றது உருக்குகலம். தானாகக் கலப்பதைச் சொல்லும்போது முதலாவதும், அரசோ நிறுவனமோ கலக்க வைப்பதைச் சொல்லும்போது இரண்டாவதும் பொருந்தும். இரண்டுமே வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. 'உருக்குக்கலம்' என்று க் சேர்த்தால் எஃகுப் பாத்திரம் ஆகிவிடும், கவனம்.

அரசு கலக்க வைத்ததற்கும் வரலாறு உண்டு. முதல் உலகப் போரின் ஜெர்மன் எதிர்ப்பு அலையில், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்று மொழி கற்பிப்பதை நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் குற்றமாக்கியது. பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு அபராதம் விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் 1923இல் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. தாய்மொழியைப் பிடுங்க முடியாது என்றாயிற்று. ஆனால் ஆங்கிலத்தைச் சொல்லித் தருவது யார் பொறுப்பு? அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. சான் பிரான்சிஸ்கோ பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் ஏறக்குறைய 1,800 பேர் எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 1974இல் லா எதிர் நிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: ஒரே வசதி, ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகாது. எனக்கு இந்த வரி மிக முக்கியமானதாகப் படுகிறது. எல்லாரையும் ஒரே கலத்தில் போட்டால் சமத்துவம் வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பொதுக்கல்வி அளவில் உடைத்த வரி அது.

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் ஃபோர்டு காலத்து வாசனை இன்னும் போகவில்லை. 1998இல் முதியோர் கல்விச் சட்டத்தை வேலைப் பயிற்சிச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். 2014இல் வந்த அடுத்த சட்டத்திலும் அப்படியே. கூட்டாட்சி அரசின் பணத்தில் நடக்கும் வகுப்பின் வெற்றியை அளக்கும் அளவுகோல்களில் படித்து முடித்தவருக்கு வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்பவை முன்னால் நிற்கின்றன. பிள்ளையின் ஆசிரியரோடு பேச, மருத்துவரிடம் வலியைச் சொல்ல ஆங்கிலம் கற்க வந்த ஒரு பாட்டி அந்த அளவுகோலில் தோல்வியாகத்தான் தெரிவார். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் பொதுப் பணத்தில் நடக்கும் கல்வி, மாணவரின் தேவையை முதலாளியின் கண்ணால் பார்க்கக் கூடாது.

கடைசியாக ஒரு குறிப்பு. கனடாவைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். 1971இல் பன்முகப் பண்பாட்டுக் கொள்கையை அறிவித்த அந்த நாடு தன்னை மொசைக், அதாவது பல நிறச் சில்லுகள் தத்தம் நிறம் மாறாமல் சேர்ந்த ஓவியம், என்று சொல்லிக்கொள்கிறது. டொராண்டோவில் பொதுப் பள்ளி வாரியமே தமிழ் வகுப்பு நடத்துகிறது. அங்கேயும் குறைகள் உண்டு, அவற்றை எழுதலாம். ஆனால் உருகுகலம், உருக்குகலம் இரண்டுமே அங்கே பிழையான சொற்கள்.