பிரேக் ஆயில் ஊற்றும் முன் லீவர் மூடியைப் பாருங்கள்

போன சீசனில் ஒரு தம்பி தன் மவுன்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தார். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போதே, ஆயிலில் வேலை செய்யும் முன் டிஸ்க் பிரேக்கின் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டதாம். மிச்ச வளைவுகளை இறங்கி நடந்தே கடந்திருக்கிறார்.

"அண்ணா, போன வாரம்தான் ஆயில் மாத்தினேன்" என்றார்.

எங்கே என்று விசாரித்தால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். அவர்கள் கையிலிருந்த டாட் 3 ஆயிலை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இவருடையது ஷிமானோ எம்டி200 பிரேக். அதற்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அந்த மெக்கானிக்கையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவர் தொழிலில் பிரேக் ஆயில் என்றாலே டாட்தான். ஆனால் லீவர் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த ரப்பர் உப்பிக் கிடந்தது. இந்த மாடலுக்கு சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் அந்த ரப்பர்) மட்டும் தனியாக வாங்கிப் போட வழியில்லை. லீவர், ஹோஸ் (ஆயில் போகும் குழாய்), காலிப்பர் (சக்கரத்தின் பக்கம் டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) என்று முன் பிரேக் முழுவதையும் மாற்றினோம்.

டாட் ஆயிலுக்கான ரப்பர் வேறு, மினரல் ஆயிலுக்கான ரப்பர் வேறு. ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் சீல் கெட்டுவிடும், கழுவி எடுத்தாலும் திரும்பாது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா மூன்றும் மினரல். ஸ்ராம் பல வருடங்களாக டாட் 5.1 என்றே இருந்தது. இப்போது அவர்களின் டிபி8, மேவன் பிரேக்குகள் மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டன. ஆகவே கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த ஆயில் என்று பெரும்பாலும் லீவர் மூடியிலேயே எழுதியிருக்கும். அழிந்துபோயிருந்தால் மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். இன்னொன்று: டாட் 5 என்பது சிலிகான், டாட் 5.1-க்கு அண்ணன் தம்பி கிடையாது.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் விஷயத்திலும் இதே கூத்துதான். சைக்கிள் கம்பெனி பெயரைச் சொல்லி "அதுக்கு பேட் குடுங்க" என்பார்கள். பேடை முடிவு செய்வது காலிப்பர். அதன் உடம்பிலேயே எண் பொறித்திருக்கும். எம்டி200-க்கு பி01எஸ் பொருந்தும், அதே வடிவில் பின்னால் வந்த பி03எஸ், பி05எஸ் பேடுகளும் பொருந்தும். வேறு கம்பெனி பேட் வாங்கினால், பழைய பேடைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள். பேடின் காதும், அதைப் பூட்டும் ஊசி நுழையும் துளையும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும்.

வடிவம் பொருந்தினாலும் டிஸ்க்கைப் பார்க்காமல் விடாதீர்கள். விலை குறைந்த ஷிமானோ டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் ஒன்லி', அதாவது பிசினால் செய்த பேட் மட்டும், என்று எழுதியிருக்கும். உழைக்கும் என்று நினைத்து அதில் மெட்டல் பேட் போட்டால், பேட் நன்றாகத்தான் இருக்கும், டிஸ்க் தேய்ந்துவிடும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பேடில் தேயும் பகுதி அரை மி.மீ. ஆனால் அதற்கும் விடை கொடுத்துவிடுங்கள்.

சரி, பிளீடிங், அதாவது பிரேக்குக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பிரேக் பிடிக்கவில்லை என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். முதலில் லீவரை நாலைந்து முறை வேகமாக அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தது அமுக்க அமுக்க இறுகினால் பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. முதல் அமுக்கிலேயே கல் மாதிரி இறுகியும் வண்டி நிற்கவில்லையா? பேடில் எண்ணெய் பட்டிருக்கும், பிளீடிங் செய்து பயனில்லை. கீச்சுச் சத்தம் போகட்டும் என்று டிஸ்க்கில் துருநீக்கி ஸ்பிரே அடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. சத்தம் போய்விடும்தான், கூடவே பிரேக்கும் போய்விடும்! டிஸ்க்கை ஐசோபிரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எடுக்கலாம். எண்ணெய் குடித்த ரெசின் பேடை அடுப்பில் சுட்டாலும் நான் நம்பமாட்டேன்.

காற்றுதான் என்று தெரிந்தால், சக்கரத்தையும் பேடையும் கழற்றித் தூரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பேடில் ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. காலிப்பருக்குள் பிளீட் பிளாக் (பேட் இருந்த இடத்தில் வைக்கும் கட்டை) வைக்காமல் லீவரை அமுக்கினால், பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். ஷிமானோவில் லீவரைத் தரைக்குச் சமமாகத் திருப்பி, மேலே உள்ள சின்னத் திருகை எடுத்துப் புனலைப் பொருத்துகிறேன். அப்புறம் கீழே காலிப்பர் நிப்பிளில் (ஆயில் ஏற்றும் முனையில்) சிரிஞ்சைச் சொருகி, ஆயிலை மெதுவாக மேல்நோக்கித் தள்ளுகிறேன். காற்று தானாகவே மேலே போகப் பார்க்கும், நாமும் அந்த வழியிலேயே தள்ளினால் வேலை பாதி குறையும். ஹோஸையும் காலிப்பரையும் ஸ்பேனர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூலையில் ஒட்டியிருக்கும் குமிழ் அப்போதுதான் விடும். குமிழ் வருவது நின்றதும் நிப்பிளை இறுக்கி, லீவரைக் கொஞ்சம் மேலும் கீழும் சாய்த்து மறுபடி அமுக்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் அப்போதும் ஒன்றிரண்டு குமிழ் எட்டிப் பார்க்கும்.

அந்தத் தம்பிக்குப் புது பிரேக் போட்டுக் கொடுத்தபோதும் உடனே மலைக்கு அனுப்பவில்லை, புது பேட் டிஸ்க்கோடு பழகட்டும் என்று. சமதளத்தில் மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டாமல், முழுவதும் நிற்பதற்குச் சற்று முன்பே லீவரை விட்டு, இருபது முறை பிரேக் பிடிக்கச் சொன்னேன். பன்னிரண்டாவது முறையிலேயே வித்தியாசம் தெரிந்தது என்று போனில் சொன்னார். மிச்சம் எட்டையும் முடிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.