கண் சிரை அடைப்புக்கு எத்தனை ரத்தப் பரிசோதனை?

விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாயான சிரை அடைபடுவதுதான் விழித்திரைச் சிரை அடைப்பு. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதும் பலர் முதலில் ஓடுவது பரிசோதனைக்கூடத்துக்குத்தான். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின், ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்று ரத்தம் உறையும் தன்மையைப் பார்க்கும் பரிசோதனைகளை ஒன்றுவிடாமல் எடுத்து, சில ஆயிரம் ரூபாய் செலவழித்துவிட்டுக் கோப்போடு வந்து உட்காருகிறார்கள். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், "அதைப் பார்த்து வருஷம் ஆகிறது, டாக்டர்" என்பார்கள். பட்டையைக் கையில் கட்டினால் 180/110.

விழித்திரையில், ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே உறைதான். அழுத்தத்தாலும் கொழுப்பாலும் தமனிச் சுவர் தடித்து விறைத்தால், மெல்லிய சுவர் கொண்ட சிரை நசுங்குகிறது. ரத்த ஓட்டம் அங்கே தடுமாறித் தேங்கி உறைகிறது. கிளைச் சிரை அடைப்பு பெரும்பாலும் இப்படி வருவதுதான். மையச் சிரை அடைபடுவது, பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தையொட்டி. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். ஆக, 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு, ரத்தத்தைவிடக் குழாயின் மீதுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும்.

அதனால் எல்லோருக்கும் நான் கேட்பவை எளியவை: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, முழு ரத்த எண்ணிக்கை, உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் இஎஸ்ஆர், கண் அழுத்தம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் சோஹன் சிங் ஹைரேயும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இதே திசையில்தான்: செலவு குறைந்த வழக்கமான ரத்தப் பரிசோதனையே பெரும்பாலோருக்குப் போதும். முழு ரத்த எண்ணிக்கையை மலிவானது என்று அலட்சியப்படுத்தாதீர்கள். சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும் நோயையும் ரத்தப் புற்றுநோயையும் முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரங்களில் அந்த ஒற்றைத் தாள்தான்.

விரிவான உறைவுப் பரிசோதனை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வயது குறைவு, அழுத்தமோ சர்க்கரையோ இல்லை. அல்லது இரண்டு கண்ணிலும் அடைப்பு. அல்லது முன்பே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருக்கிறது. அல்லது குடும்பத்தில் அப்படி நடந்திருக்கிறது. இவர்களை விட்டுவிடக் கூடாது. முப்பதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு மையச் சிரை அடைப்பு. ஐந்தாம் மாதத்தில் இருமுறை கரு கலைந்ததை அவர் சொல்லவேயில்லை, நான் கேட்டபோது, "கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?" என்றார். சம்பந்தம் இருந்தது. ரத்தத்தை உறையவைத்துக் கருவையும் கலைக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருந்தது. 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் இருந்தது. அந்த இரண்டாவது பரிசோதனை இல்லாமல் நோயை உறுதிசெய்ய முடியாது. சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகும் இந்த எதிர்ப்பொருள் தற்காலிகமாகத் தலைகாட்டலாம்.

மற்ற முடிவுகளிலும் இப்படிக் கண்ணிகள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் சாப்பிடும்போது எடுத்தால் புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறைவாகவே வரும். அதே வேலைக்கான ஹெப்பாரின் ஊசி போட்டால் ஆன்டித்ராம்பின் குறையும். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையாலும் புரோட்டீன் எஸ் இறங்கும். மருந்தின் விளைவைப் பிறவிக் குறை என்று நம்பி, குடும்பம் முழுவதற்கும் பரிசோதனை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் பரவலாக உண்டு. நம் ஊரில் அரிது.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது ஹோமோசிஸ்டீன் என்ற ரத்தத்திலுள்ள அமினோ அமிலம். பி12 குறைந்தால் அது ஏறும். சைவ உணவுக்காரர்களிடமும், சர்க்கரைக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களிடமும் இந்தக் குறைவு சாதாரணம். எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து விரைவில் பிரிக்காமல் மேசையில் விட்டால், குழாய்க்குள்ளேயே ஹோமோசிஸ்டீன் ஏறிப் பொய்க்கணக்குக் காட்டும். குறைவு உண்மையானால் பி12 கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது, சிரை அடைப்பால் விழித்திரையில் வரும் வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து அல்ல.

வீக்கத்துக்கு மருந்து கண்ணுக்குள் போடும் ஊசி. விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் அதன் மையப் பகுதியான மாக்குலா வீங்கியிருந்தால், உறைவுப் பரிசோதனையின் முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் ஊசி அதேதான். மையச் சிரை அடைப்பு கடுமையாக இருந்தால் முதல் சில மாதங்களில் கருவிழியைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கண் அழுத்தத்தைக் கிடுகிடுவென ஏற்றிவிடலாம். பார்வை கொஞ்சம் தெளிந்ததும் அந்த மாதங்களில் வராமல் இருந்துவிடுபவர்களே எனக்குப் பெரிய கவலை.

ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ கண்ணுக்காக மட்டும் தாமாகத் தொடங்க வேண்டாம். அடைபட்ட சிரையை அவை திறப்பதில்லை, பார்வையும் கூடுவதில்லை. ஆனால் மாரடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ பிறகு ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், "கண்ணில் ரத்தம்" என்று கேட்டதும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட அதை நிறுத்தாதீர்கள்.