காற்று மறைவைத் தேடிப் போகும் கப்பல்கள்

அலாஸ்காவின் தலைநகரம் ஜூனோ. சுமார் 32,000 பேர் வாழும் சின்ன ஊர். வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது. முதுகுப் பக்கம் மலையும் பனிப்பாறைகளும், முன்னால் கடல். விமானத்திலோ கப்பலிலோதான் போய்ச் சேர முடியும்.

ஜூலை மாதக் காலையில் அந்த ஊரின் துறைமுகத் தெருவில் நடக்க இடம் இருக்காது. பத்து மாடிக்கும் மேல் உயரமான சொகுசுக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இறங்கி வருவார்கள். 2023-ல் மட்டும் 16 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு மூச்சு முட்டியதால், ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வரக்கூடாது என்று நகராட்சியும் கப்பல் நிறுவனங்களும் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2024 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அதே தெருவுக்கு ஜனவரியில் போனால் ஆள் நடமாட்டமே குறைவு. நகைக்கடைகளிலும் நினைவுப்பொருள் கடைகளிலும் பாதிக்கு மேல் பூட்டியிருக்கும். கப்பல்துறையில் பெரிய கப்பல் ஒன்றுகூட இருக்காது. அவற்றில் பல கரீபியன் கடலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

குளிர் என்பதால் போய்விட்டன என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி விடைகூட இல்லை. ஜூலையிலும் ஜூனோவில் பல நாள் ஸ்வெட்டர் தேவைப்படும். மழையும் அடிக்கடி பெய்யும். பனியும் குளிரும் பார்க்கத்தானே அவ்வளவு பணம் கொடுத்துப் போகிறார்கள்? கப்பலின் நாட்காட்டியைத் தீர்மானிப்பதில் வெப்பநிலையைவிடக் காற்றுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

கடலில் அலை எப்படி எழுகிறது என்று பார்த்தால் இது புரியும். மூன்று விஷயங்கள் சேரவேண்டும்: காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடுகிறது. இந்த மூன்றாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊர் ஏரியில் எவ்வளவு பலமான காற்று அடித்தாலும் மலைபோல அலை வராது. காற்று அலையைப் பிடித்துத் தள்ளித் தள்ளிப் பெரிதாக்குவதற்குள் கரை வந்துவிடும். பசிபிக் பெருங்கடலில் அதே காற்றுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிடைக்கிறது. அது மட்டுமில்லை, எங்கோ அடித்த புயல் ஓய்ந்த பிறகும் அது கிளப்பிவிட்ட நீளமான அலைகள் பல நாள் பயணம் செய்து வந்துகொண்டே இருக்கும். வானம் தெளிவாக இருக்கும்போதும் கப்பல் ஆடுவது இதனால்தான்.

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடும் நீர்வழிக்கு இன்சைடு பாசேஜ் என்று பெயர். பனியுகத்தில் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் பின்னாளில் கடல் புகுந்துகொண்டது. அதனால் கரையை ஒட்டியே ஆழம் அதிகம், பெரிய கப்பலும் மலைச்சுவருக்குப் பக்கத்தில் போகலாம். பசிபிக்கிலிருந்து வரும் அலைகளைத் தீவுகள் வாங்கிக்கொள்கின்றன. உள்ளே தண்ணீர் பெரும்பாலும் ஏரிபோல இருக்கும். காப்பிக் கோப்பை ஆடாமல் மேசையில் நிற்க, ஜன்னலுக்கு வெளியே பனியாறு உடைந்து விழுவதைப் பார்க்கலாம். அலாஸ்காப் பயணம் இவ்வளவு பேருக்குப் பிடித்துப்போனதற்கு இந்த மறைவு ஒரு பெரிய காரணம்.

ஆனால் அந்த மறைவு முழுமையானதல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து புறப்படும் கப்பல்களில் பல, கனடாவின் வான்கூவர் தீவின் வெளிப்பக்கமாகத் திறந்த கடலில்தான் வடக்கே போகின்றன. அங்கே பருவம் முக்கியம். கோடையில் வட பசிபிக்கின்மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்திருக்கும். கடல் ஓரளவு சாது. அக்டோபரில் அது விலகி, அலூஷியன் தீவுகளை ஒட்டித் தாழ்வழுத்தம் வலுக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் புயல்கள் அலாஸ்கா வளைகுடாவுக்குள் வரும். வெளிச்சமும் போய்விடும். ஜூன் 21-ல் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்துக்கும் அதிகம். டிசம்பரில் ஆறரை மணி நேரம்கூட இல்லை. இருட்டில் பனியாறும் தெரியாது, திமிங்கிலமும் தெரியாது. திமிங்கிலமே அங்கே இருக்காது என்பது வேறு விஷயம்; கோடையில் அங்கே மீன் தின்னும் கூன்முதுகுத் திமிங்கிலங்களில் பெரும்பகுதி குளிர்காலத்துக்கு ஹவாய்ப் பக்கம் போய்விடும்.

சரி, ஆறு மாதம் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டுக் காத்திருக்கலாமே? நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மண்டபக்காரர் பூட்டி வைத்துவிட்டு வெள்ளையடிப்பார். அந்த மண்டபத்துக்குள் ஆயிரம் பேர் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அங்கேயே சாப்பிட்டுத் தூங்கி, கடன் தவணையும் ஓடிக்கொண்டிருந்தால்? சொகுசுக் கப்பலின் நிலை அதுதான். புதிதாகக் கட்டும் மிகப்பெரிய கப்பல்களின் விலை நூறு கோடி டாலரைத் தாண்டிவிடுகிறது. சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஆனால் இந்த மண்டபம் மிதக்கிறது, எங்கே முகூர்த்தமோ அங்கே போய்விடலாம்.

அப்படிப் போகும் இடம் கரீபியன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு, சூறாவளி இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பனியில் விறைத்துக் கிடப்பவர்கள் மூன்று நான்கு மணி நேர விமானப் பயணத்தில் மியாமிக்கு வந்து கப்பல் ஏறலாம். தீவுகள் அமைந்திருக்கும் இடைவெளியும் வசதி. மாலையில் ஒரு தீவை விட்டுக் கிளம்பினால் அவசரமில்லாமல் ஓடியே காலையில் அடுத்த தீவுக்குப் போய்விடலாம். இந்த 'அவசரமில்லாமல்' என்பதில் பெரும் பணம் இருக்கிறது. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் எஞ்சின் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். அதனால் ஒரு ராத்திரியில் நிதானமாக எட்டக்கூடிய ஊர்கள்தான் பயண வரிசையில் சேரும். அழகான இடமாக இருந்தாலும் தூரம் கூடுதல் என்றால் அந்த ஊர் விடுபட்டுப்போகலாம்.

கரீபியன் வரைபடத்தை எடுத்துத் துறைமுகங்களைத் தேடிப் பாருங்கள். பார்படோஸின் பிரிட்ஜ்டவுன், செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ், டொமினிக்காவின் ரோசோ, மார்டினிக்கின் ஃபோர்ட்-டி-ஃபிரான்ஸ்: எல்லாமே தீவின் மேற்குக் கரையில். ஆண்டு முழுவதும் அங்கே கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று என்ற நிலையான காற்று வீசுகிறது. அட்லாண்டிக் அலைகள் கிழக்குக் கரையில் மோதும். தீவின் முதுகுக்குப் பின்னால் மேற்கில் தண்ணீர் அமைதியாக இருக்கும். பாய்மரக் காலத்து மாலுமிகள் தேர்ந்தெடுத்த இடங்களுக்கே இன்றைய ராட்சதக் கப்பல்களும் வந்து நிற்கின்றன.

கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரிக்குமேல் சூடாக இருந்தால் சூறாவளிக்குத் தீனி கிடைத்துவிடும். ஆனாலும் அந்த மாதங்களில் கப்பல்கள் மொத்தமாகக் காலி செய்துவிடுவதில்லை. சூறாவளி வழக்கமாக மணிக்கு 20 கிலோமீட்டர் போல நகரும். கப்பலால் 40 வரை ஓட முடியும். முன்னறிவிப்பைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். ஓட முடியாதது தீவுதான். 2017 செப்டம்பரில் இர்மாவும் மரியாவும் செயின்ட் மார்ட்டின், டொமினிக்கா, போர்ட்டோ ரிக்கோவை நாசமாக்கியபோது, கப்பல்கள் மெக்சிகோ பக்கமாகத் திரும்பிக்கொண்டன. வீடு இழந்த தீவுவாசிகளுக்குப் பயணிகள் கொண்டுவரும் வருமானமும் சேர்ந்து போனது. செப்டம்பரில் டிக்கெட் மலிவாக இருப்பதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சட்டமும் கப்பலைத் திருப்பும். 1886-ல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டுக் கப்பல் அமெரிக்காவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணிகளைக் கொண்டுபோய் இறக்கக்கூடாது என்கிறது. சொகுசுக் கப்பல்களோ பெரும்பாலும் ஐரோப்பாவில் கட்டப்பட்டு, பஹாமாஸ், பனாமா கொடிகளோடு ஓடுபவை. சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா போய்ச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கூட நடுவில் ஒரு வெளிநாட்டு ஊரைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் கனடாவின் விக்டோரியாவில் கப்பல் சாயங்காலம் வந்து சில மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்புகிறது. கொரோனா காலத்தில் கனடா துறைமுகங்களை மூடியதும் அலாஸ்காவுக்குக் கப்பல் பயணிகளால் வந்த வருமானமே நின்றுபோனது. 2021 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு கொடுத்த பிறகுதான் கப்பல்கள் மீண்டும் போயின.

சில கப்பல்களை அலாஸ்கா பக்கமே பார்க்க முடியாமல் செய்வது ஒரு பாலம். கரீபியனிலிருந்து பசிபிக்குக்குப் போக பனாமா கால்வாய்தான் குறுக்குவழி. அதன் பசிபிக் முனையில் நிற்கும் பாலத்துக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே 61 மீட்டர் இடம் உண்டு. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ராட்சதக் கப்பல்களான ஓயாசிஸ் வகையின் உயரம் 72 மீட்டர். புகைபோக்கியை உள்ளே இழுத்துக்கொண்டாலும் நுழையாது. தென் அமெரிக்காவைச் சுற்றிப் போவதென்றால் ஒரு மாதம் வீணாகும். அதனால் அவை அட்லாண்டிக்கிலேயே, கரீபியனுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே சுற்றுகின்றன.

ஐரோப்பாவில் கோடையைக் கழித்த கப்பல்கள் இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பும். நடுவில் ஊர் ஏதும் கிடையாது. ஐந்தாறு நாள் தண்ணீர் மட்டும்தான். எப்படியும் போகவேண்டிய கப்பல், காலியாகப் போவதைவிடப் பாதி விலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று டிக்கெட்டை மலிவாகக் கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பயணம் இது. மேற்கே போகப் போக நேரமண்டலம் மாறுவதால், பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நாளுக்கு 25 மணி நேரம்! கப்பல் தெற்கே இறங்கி, 1492-ல் கொலம்பஸ் போன வழியில், வியாபாரக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும். கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டரில் போக, பின்னாலிருந்து காற்றும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வந்தால், மேல்தளத்தில் நிற்பவருக்குக் காற்றே இல்லாததுபோல இருக்கும். நடுக்கடலில் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம்.

இதே கணக்கு நம் பக்கத்திலும் நடக்கிறது. மும்பையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வந்த எம்பிரஸ் என்ற கப்பல், 2022 ஜூனிலும் 2023 ஜூனிலும் சென்னைக்கு வந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் முழுக்கத் தடையில்லாமல் ஓடிவந்து மும்பைக் கரையில் மோதும் மாதங்கள் அவை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கம் போகும் படகுகளே நின்றுவிடும். கோலி மீனவர்கள் ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுத்தான் மறுபடி வலை எடுத்துப் போவார்கள்.

அதே காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி சென்னைக்கு வரும்போது மழையை உதறிவிட்டிருக்கும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, அது. அலையை வளர்க்க அதற்குக் கரையோரத்தில் தூரமே கிடைப்பதில்லை. 2023 ஜூன் 5-ல் அந்தக் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனபோது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களைத் தொட்டது. இவற்றில் திருகோணமலை கிழக்குக் கரையில் இருக்கிறது. கொழும்பிலும் காலியிலும் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் அங்கே கண்ணாடிபோல இருக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று எழும்பினால் எல்லாம் தலைகீழ். வங்கக் கடலில் புயல் சின்னங்கள் வரும், அரபிக்கடல் ஓய்ந்துவிடும்.

இலங்கையின் மேற்குக் கரை மீனவர்களுக்கு இது பழைய சங்கதி. சோழகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கும் நேரத்தில் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் படகையும் வலையையும் எடுத்துக்கொண்டு கிழக்கே வருவார்கள். திருகோணமலைக்கு வடக்கே கொக்கிளாய் வரை கரையோரத்தில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டு, சில மாதம் அங்கேயே தங்கி மீன் பிடித்துக் கருவாடு போடுவார்கள். வாடைக்கு முன்னால் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள்.