இம்யூன் ஆக்டிவேஷன்: 'அதிகரிப்பு' எங்கிருந்து வந்தது?

'நாள்பட்ட நோய் எதிர்ப்பு சக்தி அதிகரிப்பு.' எச்ஐவி பற்றிய மொழிபெயர்ப்பொன்றில் இத்தொடர் மறுபடியும் கண்ணில் பட்டது. 'குரோனிக் இம்யூன் ஆக்டிவேஷன்' என்பதற்காம்.

மூலம் எளிது. இலத்தீனில் 'இம்யூனிஸ்' என்றால் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விலக்குப் பெற்றவன். நோயிலிருந்து விலக்கு என்ற பொருள் பின்னால் ஏறியது. 'குரோனிக்' கிரேக்கக் 'குரோனோஸ்', அதாவது காலம். 'ஆக்டிவேஷன்' செயலில் இறக்குவது.

இதில் அதிகரிப்பு எங்கே இருக்கிறது? மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலைக்கு வந்தவர்களிடமும் வெள்ளையணுக்கள் முழு ஓய்வுக்குத் திரும்புவதில்லை. தொற்றின் முதல் வாரங்களிலேயே குடற்சுவரின் சிடி4 செல்கள் (நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளையணு வகை) பெருமளவில் அழிந்துவிடுகின்றன. சிகிச்சைக்குப் பிறகும் அந்தச் சுவர் முழுதாகச் சீராகாததால், குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. நிணநீர்க் கணுக்களில் பதுங்கிய எச்ஐவி கொஞ்சம் கொஞ்சமாகப் புரதங்களை உமிழ்கிறது. போதாததற்கு, பலர் உடலில் முன்பே ஓசையின்றிக் குடியிருக்கும் சைட்டோமெகலோ வைரஸ் என்ற இன்னொரு கிருமியும் அணுக்களைச் சீண்டுகிறது. அணுக்கள் இப்படி விழித்தே கிடப்பதால் மாரடைப்பு அபாயம் கூடுகிறது. இதற்குப் பெயர் 'சக்தி அதிகரிப்பா'? அதே கட்டுரையில் கீழே, 'இந்தச் சக்தி அதிகரிப்பைக் குறைக்க' மருந்து தேடுகிறார்கள் என்றும் வருகிறது. நல்லதை ஏன் குறைக்க வேண்டும் என்று படிப்பவர் கேட்கமாட்டாரா?

'தூண்டல்' என்போரும் உண்டு. அது 'ஸ்டிமுலஸ்' என்பதற்குப் பாடநூல்கள் கொடுத்துவிட்ட சொல். குடற்கசிவுதான் தூண்டல், அதனால் அணு அடையும் நிலை கிளர்வு. வேதியியலில் 'ஆக்டிவேஷன் எனர்ஜி'யைக் 'கிளர்வு ஆற்றல்' என்று எப்போதோ படித்துவிட்டோமே! ('கிளர்ச்சி' என்று நீட்டிவிடாதீர்கள், அது கொடி பிடிப்பது.)

இன்னொரு வில்லங்கம்: முன்னால் நிற்கும் 'நாள்பட்ட' போய் நோயைப் பிடித்துக்கொள்கிறது. நாள்பட்ட நோயை எதிர்க்கும் சக்தி என்றாகிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே 'இம்யூனிட்டி'க்கு 'நிர்ப்பீடனம்' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. எனக்குத்தான் அது நாவில் ஏறவில்லை. ஆகவே 'நோயெதிர்ப்பின் நாட்பட்ட கிளர்வு' என்று மாற்றி அடுக்குகிறேன். அகராதியில் சொல்லுக்குச் சொல் எடுத்து ஒட்டுபவர்கள், அடுத்த பத்தியையும் ஒருமுறை படித்திருந்தால் 'அதிகரிப்பு' அங்கேயே உதிர்ந்திருக்கும்.